ஒரு விதை, ஒரு மரம், ஒரு பெயர்: பிராம்லி ஆப்பிளின் கதை



எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி, ஒரு நாள் ஓய்வு நேரம் முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். ஈரக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஐந்து விதைகளை விரித்துக் காட்டினாள். தீபாவளிக்குப் பட்டணத்தில் வாங்கிய சிவப்பு ஆப்பிளின் விதைகள் அவை. "சார், இதை நட்டா இதே பழம் வருமா?" என்று கேட்டாள்.

"வராதம்மா" என்று சொல்லிவிட்டு நான் வருகைப் பதிவேட்டைத் திறந்துவிட்டேன். பாடம் நடத்த வேண்டிய அவசரம். அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு இடத்திற்குப் போய்விட்டாள். அன்று மாலை வீட்டிற்குத் திரும்பும்போதுதான், நல்ல கேள்வி ஒன்றுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டோமே என்று என் மனம் உறுத்தியது. நான் சொன்ன பதில் தவறில்லை. ஆனால், 'வராது' என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

நமக்குத் தெரிந்த பழத்திலிருந்தே தொடங்குவோம். டுரியான் பருவம் வந்தால், கம்பத்து டுரியான் என்று குவித்து வைத்து விற்பார்கள். ஒரு பழம் வெல்லமாக இனிக்கும். அடுத்த பழம் கசக்கும். மூன்றாவது பழத்தில் கொட்டை பெரிதாகவும் சுளை காகிதம் போலவும் இருக்கும். ஏனென்றால், அந்த மரங்கள் விதையிலிருந்து தாமாக முளைத்தவை. ஒவ்வொன்றும் தாய் மரத்தின் குணத்தில் பாதியையும், எங்கிருந்தோ வந்த மகரந்தத்தின் குணத்தில் பாதியையும் கொண்டு பிறந்தது. 'டி 24' என்று பெயர் சொல்லி விற்கும் பழமோ எந்தக் கடையில் வாங்கினாலும் ஏறத்தாழ ஒரே சுவையாக இருக்கும். அது ஒட்டுக் கட்டி வளர்த்த மரத்தின் பழம்.

ஆப்பிளும் அப்படித்தான். சொல்லப்போனால், டுரியானைவிடவும் பிடிவாதமானது. ஓர் ஆப்பிள் மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளாது. வேறு வகை மரத்தின் மகரந்தம்தான் வேண்டும். அதனால் ஒரே பழத்தில் உள்ள ஐந்து விதைகளை நட்டால் ஐந்து வெவ்வேறு மரங்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை சிறு காய்களாக, புளிப்பாக, துவர்ப்பாகவே காய்க்கும். ஆனால், எப்போதாவது ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று, அற்புதமாக அமைந்துவிடும். அப்படி அமைந்த ஒன்றுதான் இங்கிலாந்து நாட்டின் பிராம்லி.

ஆப்பிளின் பூர்வீகம் இங்கிலாந்து அன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மத்திய ஆசியாவில், இன்றைய கசக்ஸ்தான் நாட்டின் தியான்ஷான் மலைச்சாரல்களில் காட்டு ஆப்பிள் மரங்கள் இன்றும் உள்ளன. நாம் உண்ணும் ஆப்பிளுக்கு அவைதாம் மூதாதையர். வணிகர்களின் பைகளிலும் குதிரைகளின் வயிற்றிலுமாக விதைகள் மேற்கே பயணம் செய்து ஐரோப்பாவை அடைந்தன. கொம்பை வெட்டி ஒட்டுக் கட்டும் கலை ரோமானியர் காலத்திலேயே நன்கு தெரிந்திருந்தது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். நாட்டிங்ஹம்ஷயர் மாவட்டத்தில் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர். பழமையான பெரிய தேவாலயம் ஒன்று அங்கே உண்டு. அந்த ஊரின் சர்ச் வீதியில் இருந்த ஒரு சிறிய வீட்டில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்டு என்ற இளம்பெண் வாழ்ந்தார். 1809ஆம் ஆண்டளவில் அவர் சில ஆப்பிள் விதைகளை நட்டார். எந்தப் பழத்தின் விதை, எதற்காக நட்டார் என்பதையெல்லாம் எவரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பள்ளிச் சிறுமி ஈரக் காகிதத்தில் சுற்றி வைத்தாளே, அதைப் போன்ற ஆசையாகத்தான் இருந்திருக்க வேண்டும். விதை முளைத்தது. ஒரு கன்று தோட்டத்து மண்ணில் ஊன்றி மரமாக வளர்ந்தது.

பிறகு மேரி ஆன் திருமணமாகி அந்த வீட்டைவிட்டுப் போனார். மரம் அங்கேயே நின்று காய்த்துக்கொண்டிருந்தது. 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். வீட்டோடு மரமும் அவருக்குச் சொந்தமாயிற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1856இல், ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞரின் கண்ணில் அந்தப் பழம் பட்டது. அவருக்கு அப்போது வயது பதினேழு. கன்றுகள் வளர்த்து விற்பது அவர் குடும்பத் தொழில். ஒருவர் கூடையில் பெரிய பெரிய ஆப்பிள்களைச் சுமந்து போவதைக் கண்டு, எங்கே பறித்தது என்று விசாரித்து, பிராம்லியின் வீட்டைத் தேடிப் போனாராம். மரத்திலிருந்து கொம்புகளை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். பிராம்லி, "வெட்டிக்கொள்ளலாம், ஆனால், பழத்திற்கு என் பெயரை வைக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார். அப்படி வந்ததுதான் 'பிராம்லியின் நாற்று' என்ற பெயர்.

நேயர்களே, இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன். விதையை நட்டவர் ஒருவர். பழத்தின் அருமையை அறிந்து ஊரெங்கும் பரப்பியவர் இன்னொருவர். பெயரோ இவர்கள் இருவரையும் சேராமல், மரம் நின்ற நிலத்தை விலை கொடுத்து வாங்கியவருக்குப் போனது. அவர் செய்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கொம்பு கொடுக்க மறுத்திருந்தால் உலகத்திற்கு இந்தப் பழமே கிடைத்திராது. ஆனாலும், தாம் நட்ட விதைக்கு ஒரு பெயரும் புகழும் வந்ததை மேரி ஆன் அறியவே இல்லை. மெரிவெதர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

மெரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் 1862 அக்டோபர் 31ஆம் நாள் முதல் விற்பனை பதிவாகியுள்ளது: மூன்று பிராம்லி, இரண்டு ஷில்லிங். மூன்று பழங்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் மூன்று பழத்திற்கு இரண்டு ஷில்லிங் என்பது கூடுதல் விலை. கன்றுகளாக இருக்கலாமோ என்பது என் ஐயம். 1876 டிசம்பரில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பழக்குழு இந்த ஆப்பிளைப் பார்வையிட்டுப் பாராட்டியது. அந்த 1876ஆம் ஆண்டு நமக்கும் முக்கியமான ஆண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தது அதே ஆண்டில்தான். ஏறத்தாழ 70,000 விதைகளில் 3,000க்கும் குறைவானவையே முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன் பிறகு நம் முன்னோரின் வாழ்க்கை எந்தத் திசையில் போயிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒட்டுக் கட்டும் முறையைப் பார்ப்போம். இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் தாயார் தோட்டத்து நாற்றுமேடையில் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குத் துணையாகப் போவேன். துணை என்றால் பிளாஸ்டிக் நாடாவை அளவாக வெட்டிக் கொடுப்பதுதான். அம்மா கன்றின் அருகே குந்தி, தண்டைத் துணியால் துடைத்து, நிலத்திற்குச் சற்று மேலே பட்டையில் கத்தியால் கோடு போடுவார். பால் கசியும். அது உறையும் வரை அடுத்தடுத்த கன்றுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டே போவார். பிறகு திரும்பி வந்து, பட்டையைக் கதவு போலத் திறந்து, நல்ல மரத்துக் கொம்பிலிருந்து மொட்டோடு சீவிய பட்டைத் துண்டை உள்ளே வைத்து, நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுவார். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து, ஒட்டிய பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டுவார். பச்சையாக இருந்தால் ஒட்டிவிட்டது, கறுத்திருந்தால் செத்துவிட்டது. பிடித்த கன்றின் மேல்பகுதியை வெட்டிவிட்டால், மொட்டு முளைத்துப் புது மரமாகும். வேர் ஒரு மரத்துடையது. தண்டும் பாலும் இன்னொரு மரத்துடையவை.

ரப்பருக்கு இந்த முறை ஜாவாவில் 1910களின் பிற்பகுதியில் கைகூடியது. 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயரில் நின்ற மரங்கள் அத்தனையும் ஒரே ஒரு தாய் மரத்தின் மொட்டுகளிலிருந்து வந்தவை. நாடெங்கும் பரவிக் கிடந்தாலும் உண்மையில் அவை ஒரே மரம்தான்.

பிராம்லியும் அவ்வாறே. ஆப்பிளுக்குப் பால் கிடையாது. அதனால் வேலை சற்று எளிது. குளிர்காலத்தில் மரம் இலையெல்லாம் உதிர்த்து உறங்கும்போது பென்சில் பருமனுள்ள கொம்புகளை வெட்டி வைத்துக்கொள்வார்கள். வசந்தத்தில் சாறு ஏறத் தொடங்கியதும், அடிக்கன்றையும் கொம்பையும் சாய்வாகச் சீவி, ஒன்றின் நாக்கில் மற்றொன்றைச் செருகிக் கட்டுவார்கள். கோடையில் என்றால், நாம் செய்வதைப் போலவே ஒரு மொட்டை மட்டும் பட்டைக்குள் வைத்துக் கட்டுவதும் உண்டு. எந்த அடிக்கன்றில் ஒட்டுகிறோமோ அதைப் பொறுத்து மரத்தின் உயரம் அமையும். கென்ட் மாவட்டத்தில் ஈஸ்ட் மாலிங் என்ற ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே பல அடிக்கன்றுகளை வகைப்படுத்தி எண் கொடுத்தது. குட்டை மரத்திற்கு ஒன்று, நடுத்தர மரத்திற்கு ஒன்று என்று தேர்ந்துகொள்ளலாம். பிராம்லி மட்டும் எதில் ஒட்டினாலும் மற்ற ஆப்பிள்களைவிடப் பெரிதாகவே வளர்ந்துவிடும். அதன் உடல்வாகு அப்படி.

அந்த உடல்வாகிற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான ஆப்பிள் மரங்களின் உயிரணுவில் 34 குரோமோசோம்கள் இருக்கும். தாயிடமிருந்து 17, தந்தையிடமிருந்து 17. பிராம்லியில் 51. அதாவது 17இன் இரண்டு மடங்கு அன்று, மூன்று மடங்கு. விதை உருவானபோது பெற்றோரில் ஒன்று தன் பங்கைப் பாதியாகப் பிரிக்காமல் முழுதாகவே கொடுத்துவிட்டது. இது தற்செயலாக நடப்பது. இத்தகைய மரத்தின் இலை பெரிது, பூ பெரிது, பழம் பெரிது; மரமும் படர்ந்து நெடுங்காலம் வாழும். ஆனால், மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியுமா? முடியாது. அதனால் அதன் மகரந்தம் பெரும்பாலும் மலடு.

இதனால் தோட்டக்காரருக்கு ஒரு கணக்கு வருகிறது. பிராம்லி காய்க்க வேண்டுமானால் அருகில் வேறு வகை ஆப்பிள் மரம் ஒன்று நிற்க வேண்டும். அந்த மரம் பிராம்லிக்கு மகரந்தம் கொடுக்கும்; பிராம்லியால் திருப்பிக் கொடுக்க இயலாது. அப்படியானால் அந்த இரண்டாவது மரத்திற்கு யார் கொடுப்பது? மூன்றாவதாக ஒரு மரம் வேண்டும். ஆகவே பிராம்லி வைப்பவர்கள் ஒரே பருவத்தில் பூக்கும் வேறு இரண்டு வகைகளையும் சேர்த்தே வைப்பார்கள். இவற்றுக்கிடையே மகரந்தத்தைச் சுமந்து செல்பவை தேனீக்கள். வசந்தத்தில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்து பூத்து நிற்கும் நேரத்தில் பின்பனி விழுந்தால், பூ கருகி அந்த ஆண்டின் விளைச்சல் குறைந்துவிடும்.

பழத்தைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்காத அளவு பெரியது. நாம் கடையில் பார்க்கும் ஆப்பிளைப் போல ஒரே சீராக, மெழுகு பூசியது போல் இராது. சற்றுத் தட்டையாக, பக்கங்களில் மேடு பள்ளமாக, ஒரு பக்கம் சரிந்து கோணலாகக்கூட இருக்கும். தோல் பச்சை. வெயில் பட்ட பக்கத்தில் மங்கிய சிவப்புக் கோடுகள் ஓடும். உள்ளே சதை இலேசான பச்சை கலந்த வெண்மை. கடித்தால் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிப்பு. நம் வீட்டுப் பின்புறத்தில் காய்க்கும் பிளிம்பிங் காயை உப்புத் தொட்டுத் தின்கிறோமே, அதில் பாதியாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு புளிக்கும் பழத்தை யார் தின்பார்கள் என்று கேட்பீர்கள். பச்சையாக யாரும் தின்பதில்லை. அது சமைப்பதற்கான ஆப்பிள். ஆங்கிலேயர்கள் ஆப்பிளைச் சாப்பாட்டுக்குப் பின் கடித்துத் தின்பது, அடுப்பில் வைத்துச் சமைப்பது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊறுகாய்க்கு ஒரு மாங்காய், தின்பதற்கு ஒரு மாம்பழம் என்று நாம் பிரிக்கவில்லையா, அதைப் போல.

ஆப்பிளின் புளிப்பிற்குக் காரணம் மாலிக் அமிலம். மற்ற ஆப்பிள்களில் அமிலம் குறைந்து சர்க்கரை தலைதூக்கும். பிராம்லியிலோ அமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு. இனிப்பான ஆப்பிளை வேகவைத்தால் துண்டு துண்டாகவே நிற்கும். சுவையும் சப்பென்று போய்விடும். பிராம்லியை நறுக்கி, ஒரு கைப்பிடி நீர் தெளித்து, மூடி வைத்தால் சில நிமிடங்களிலேயே குழைந்து, நுரை போலப் பொங்கி எழும். சதையிலுள்ள அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் கழன்றுவிடுவதே இதற்குக் காரணம். சூட்டிலும் அதன் புளிப்பும் மணமும் போவதில்லை. சர்க்கரை எவ்வளவு போட்டாலும் அதை மீறிக்கொண்டு ஆப்பிளின் சுவை நிற்கும். மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரம், மாவும் வெண்ணெயும் உதிர்த்துத் தூவிச் சுடும் பண்டம், பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கூழ் எல்லாம் இதில்தான் செய்வார்கள். நடுத்தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு, உலர்ந்த திராட்சையும் சர்க்கரையும் அடைத்து, முழுப் பழத்தையும் அடுப்பில் சுடுவதும் உண்டு. ஏழை வீட்டிலும் குளிர்காலத்தில் செய்துவிடக்கூடிய பலகாரம் அது.

இன்னொரு நற்குணம், நெடுநாள் கெடாமல் இருப்பது. இலையுதிர் காலத்தில், அக்டோபர் வாக்கில் பறித்து, ஒன்றை ஒன்று தொடாதபடி காகிதத்தில் சுற்றிக் குளிர்ந்த அறையில் அடுக்கி வைத்தால் மார்ச் வரை இருக்கும். இப்போது காற்றைக் கட்டுப்படுத்தும் கிடங்குகள் வந்துவிட்டதால் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. சில வேளைகளில் தோலுக்கடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிக் கசக்கும். சுண்ணாம்புச் சத்துப் பழத்திற்குச் சரியாகப் போய்ச் சேராததால் வரும் குறை அது. அதைத் தவிர்த்தால் பிராம்லி பொதுவாக நோய் தாங்கும் மரம். வட அயர்லாந்தின் அர்மா பகுதியில் விளையும் பிராம்லிக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது.

நம் கடைகளில் இந்தப் பழம் கிடைப்பதில்லை. பச்சையாக, புளிப்பாக நாம் வாங்குவது 'கிரானி ஸ்மித்' என்ற வேறு ஒன்று. அதுவும் தற்செயலாகக் கிடைத்த பழம்தான். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டி, 1868 வாக்கில் தம் நிலத்தில் தானாக முளைத்திருந்த கன்றைக் கண்டெடுத்தார். அதைப் பேணி வளர்த்தார். அவர் 1870இல் இறந்துபோனார். பழம் உலகப் புகழ் பெற்றது பிறகுதான். ஆனால், 'ஸ்மித் பாட்டி' என்ற அவருடைய பெயரையே பழத்துக்கு வைத்தார்கள். மேரி ஆனுக்குக் கிடைக்காதது மரியா ஆனுக்குக் கிடைத்தது. அடுத்த முறை பச்சை ஆப்பிள் வாங்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சவுத்வெல் மரத்திற்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 1900ஆம் ஆண்டில் வீசிய பெரும்புயலில் அது வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரத்தை வெட்டி விறகாக்குவதுதான் உலக வழக்கம். அதை அப்படியே விட்டார்கள். கீழே கிடந்த மரம் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு, அங்கிருந்து புதிதாக நிமிர்ந்து எழுந்து, மறுபடி காய்க்கத் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இரண்டாம் பிறவியிலும் காய்த்தது. பின்னாளில் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் மரத்தைத் தம் வீட்டுப் பெரியவரைப் போல் பேணினார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கெங்கோ இருந்து மரத்தைப் பார்க்க வருபவர்களுக்கும் கதவு திறந்து விட்டார்கள்.

ஆனால், முதுமையோடு நோயும் வந்தது. தேன் காளான் என்று ஒரு பூசணம் வேரைப் பற்றிக்கொண்டது. அது மண்ணுக்கடியில் கறுப்பு நூல் போலப் பரவி, பட்டைக்குள் புகுந்து, மரத்தை மெல்ல மெல்லக் கொல்லும். ரப்பரில் வெள்ளை வேர் நோய் வந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; மேலே இலை பசுமையாக இருக்கும்போதே கீழே எல்லாம் முடிந்திருக்கும். தேன் காளானுக்கு இன்றுவரை மருந்து இல்லை. 1990களின் தொடக்கத்தில் நாட்டிங்ஹம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்த மூல மரத்தின் மிகச்சிறு திசுக்களை எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஊட்டக் கூழில் வளர்த்து, வேர் பிடிக்கச் செய்து, கன்றுகளாக்கினார்கள். நம் செம்பனையிலும் திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் உண்டாக்குகிறார்கள். செம்பனைக்குக் கிளை கிடையாது, ஒட்டுக் கட்ட வழியில்லை என்பதால் அங்கே வேறு வழியில்லாமல் செய்தது; இங்கே ஒரு கிழ மரத்தின் உயிரைக் காக்கச் செய்தது. அந்தக் கன்றுகள் வேறு அடிக்கன்றில் ஒட்டப்படாமல், மேரி ஆன் நட்ட விதை முளைத்தபோது இருந்ததைப் போலத் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மூல மரம் நிற்கும் இடத்தை அண்மை ஆண்டுகளில் நாட்டிங்ஹம் டிரென்ட் பல்கலைக்கழகம் பொறுப்பேற்று, மரத்தின் கடைசிக் காலத்தைக் கவனித்து வருகிறது.

உலகில் இலட்சக்கணக்கான பிராம்லி மரங்கள் இருக்கும்போது ஒரு கிழ மரத்திற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அறிவியல்படி பார்த்தால் அந்தக் கேள்வி சரியானது. எல்லாம் ஒரே மரம்தான். ஒன்று போனால் மற்றது இருக்கிறது. ஆனால், அப்படி எல்லாம் ஒரே மரமாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒன்றைக் கொல்லக்கூடிய புதிய நோய் வந்தால், அது அத்தனையையும் கொல்லக்கூடும். தென் அமெரிக்காவின் இலைக்கருகல் நோயை நம் ரப்பர் அதிகாரிகள் இன்றும் அஞ்சி, விமான நிலையம் வரை கண்காணிப்பது இந்தக் காரணத்தால்தான். எனவே பல வகைகள் இருப்பதே காப்பு. கென்ட் மாவட்டத்தில் புரோக்டேல் என்ற இடத்தில் இங்கிலாந்தின் தேசியப் பழத் தொகுப்பு உள்ளது. அங்கே 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகளை, வகைக்கு இரண்டு மரமாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். கடைகளில் கிடைப்பவையோ பத்துப் பன்னிரண்டு. மீதியெல்லாம் யாரோ ஒருவர் கொம்பு வெட்டி, யாரோ ஒருவர் ஒட்டுக் கட்டிக் காப்பாற்றி வந்ததால் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. ஒட்டுக் கட்டுவதை ஒரு தலைமுறை நிறுத்திவிட்டால் அந்தப் பழம் திரும்ப வரவே வராது. விதையிலிருந்து அதை மீட்க முடியாது. பிராம்லியும்கூட, வீட்டில் பலகாரம் சுடுவோர் குறைந்துவிட்டதால், முன்போல் அவ்வளவு நடப்படுவதில்லை.

சவுத்வெல் ஊரில் இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் பிராம்லி விழா நடக்கிறது. மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்டின் பெயரையும் அந்த ஊர் மறக்காமல் சொல்கிறது. பழத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

என் தாயார் எத்தனை ஆயிரம் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியிருப்பார் என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் யாரு எண்ணினா? ஒரு நாளைக்கு இத்தனைன்னு கிராணி எழுதிக்குவாரு. பிடிச்ச கன்னுக்குத்தான் காசு" என்றார். அந்தக் கிராணியின் புத்தகத்திலும் கன்றின் எண்தான் இருந்திருக்கும். நான் அவருடைய கையைத்தான் பார்த்தேன். கட்டைவிரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. பச்சையா, கறுப்பா என்று சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த நகம்.

சரி, அந்தச் சிறுமிக்கு வருவோம். மறுநாள் அவளை அழைத்து, விதைகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். நல்லவேளை, பென்சில் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். இந்தக் கதையைச் சுருக்கமாக வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டு, விதைகளை முளைக்க வைக்க முயன்றோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

ஆப்பிள் விதை குளிர்காலத்தைக் கடந்தால்தான் விழிக்கும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆனால், குளிர்ப்பெட்டி இருக்கிறது. விதையைக் கழுவி, ஈரமான மணலில் அல்லது ஈரக் காகிதத்தில் பொதிந்து, சிறு டப்பாவில் போட்டு, காய்கறி வைக்கும் அடித்தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் மேல்தட்டில் வைக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து, காய்ந்திருந்தால் இரண்டு சொட்டு நீர் விடுங்கள். பூசணம் பிடித்த விதையை எடுத்து எறிந்துவிடுங்கள். வெள்ளை முளை தலைகாட்டியதும் மண் நிரப்பிய பால் டின்னில், அடியில் துளை போட்டு, விரல் நுனி ஆழத்தில் நட்டுவிடலாம்.

பூக்குமா என்றால், நம் தாழ்நிலத்தில் பூக்காது. மொட்டு விடுவதற்குப் பெரும்பாலான ஆப்பிள்களுக்கு ஆண்டில் பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். கிழக்கு ஜாவாவில் பத்து என்ற மலையூரில் இலைகளையெல்லாம் கையால் உருவி எறிந்து, குளிர்காலம் வந்துவிட்டது என்று மரத்தை ஏமாற்றிக் காய்க்க வைக்கிறார்கள். அது மலையூர் என்பதால் நடக்கிறது. நமக்கு இலை பார்க்கும் அளவோடு சரி.

எங்கள் ஐந்து விதைகளில் ஒன்று பூசணம் பிடித்துப் போயிற்று. இரண்டு விழிக்கவே இல்லை. இரண்டு முளைத்து, இப்போது வகுப்பறைச் சன்னலோரம் பால் டின்னில் நிற்கின்றன. ஒரே பழத்தின் விதைகள்தான். ஆனால், ஒன்றின் இலை அகலமாகவும் மற்றொன்றின் இலை குறுகலாகவும் இருப்பது இப்போதே தெரிகிறது. டின்களில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். யார் பெயரை எழுதுவது என்று வகுப்பில் ஒரு நாள் முழுவதும் வாதம் நடந்தது. தண்ணீர் ஊற்றியவன் தன் பெயர் வேண்டும் என்றான்; டின் கொண்டு வந்தவன் தன் பெயர் வேண்டும் என்றான். கடைசியில் அந்தச் சிறுமி எழுந்து, தானே பேனாவை எடுத்து, இரண்டு டின்னிலும் தன் பெயரை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.